வெட்டாமல் அளந்த காடு

எங்கள் ஊரில் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுக்க வருகிறவர்களைச் சிறு வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். மரத்தில் பிஞ்சு பிடித்த சமயத்தில் வருவார்கள். மரத்தடியில் நின்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்ப்பார்கள். மரத்தை ஒரு முறை சுற்றி வருவார்கள். பிறகு, "இது ஆயிரம் காய் காணும்" என்பார்கள். தோப்புக்காரரோ, "நன்றாய்ப் பாரும் ஐயா, இரண்டாயிரத்துக்குக் குறையாது" என்பார். அப்புறம் பேரம் நடக்கும்.

இருவரில் ஒருவரும் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சரியாக எண்ண வேண்டுமானால் காயைப் பறித்துக் கீழே போட வேண்டும். பறித்துப் போட்டுவிட்டால் குத்தகைக்கு என்ன மிச்சம் இருக்கிறது?

ஒரே ஒரு மாமரத்துக்கு இந்தப் பாடு. ஆயிரக் கணக்கான சதுர மைல் பரப்புள்ள மழைக் காட்டைக் கணக்கெடுக்கப் போனவர்களின் கதி என்ன? அவர்களுக்கும் இதே சங்கடம்தான் வந்தது. அறிய வேண்டுமானால் அழிக்க வேண்டும். அந்தச் சங்கடத்திலிருந்து விடுபட ஏறக்குறைய எண்பது வருஷம் பிடித்தது. அந்த எண்பது வருஷத்துக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கோயிலில் சுவாமிக்கு மேலே கட்டுகிற துணியை விதானம் என்கிறோம். காட்டு மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடி நிற்கும் மேற்பகுதிக்கும் தாவர சாஸ்திரக்காரர்கள் அந்தப் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அழகான பெயர். ஆனால், காட்டின் விதானம் ஒற்றைத் துணியல்ல. மிக உயர்ந்த மரங்கள் சில, கூட்டத்துக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்குக் கீழே நெருக்கமான ஒரு மரக் கூட்டம், அதற்கும் கீழே நிழலைச் சகித்துக்கொள்ளும் சின்ன மரங்கள், அப்புறம் புதர், கடைசியில் தரையோடு தரையாகச் செடியும் நாற்றும். மேலே இருப்பவன் உண்டு மிஞ்சிய வெயில்தான் கீழே இருப்பவனுக்கு. தரைக்கு வந்து சேர்வது நூற்றில் ஒன்றிரண்டு பங்கு வெளிச்சம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை எங்கே கூடு கட்டும், எந்த விலங்கு எங்கே உலவும், எந்த நாற்று எத்தனை வருஷம் காத்திருந்து தலையெடுக்கும் என்பதெல்லாம் இந்த அடுக்குகளைப் பொறுத்த விஷயம்.

காட்டுக்குள் நடந்து போகிறவனுக்கு இந்த அடுக்குகள் தெரியா. அவன் கண்ணுக்கு அகப்படுவது அடிமரங்களும், அண்ணாந்தால் ஒரு பச்சைக் குழப்பமும். ஆகாய விமானத்தில் போகிறவனுக்கோ மேல் துணி மட்டும் தெரியும். காடு உண்மையில் வாழ்கிற இடம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

1929-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிலிருந்து ஒரு குழு, தென் அமெரிக்காவின் வடகோடியில் உள்ள பிரிட்டிஷ் கயானாவுக்குப் புறப்பட்டது. 1966-இல் சுதந்திரம் அடைந்து கயானா என்று வழங்குகிற தேசம் அதுதான். குழுவின் தலைவர் மேஜர் ஹிங்ஸ்டன். நம் நாட்டுக்குக் கொஞ்சம் பழக்கமானவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1924-இல் எவரெஸ்ட் சிகரத்தின்மீது ஏற முயன்ற குழுவோடு டாக்டராகப் போனவர். மலை உச்சியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு மர உச்சியைப் பார்க்க வேண்டும் என்று ஆசை பிறந்தது. கயிறும் கப்பியும் கட்டி, நாற்காலியில் ஆளை உட்கார வைத்து மரத்தின் மேலே இழுத்தார்கள். உச்சிக் கிளைகளின் நடுவே பரண் போட்டு உட்கார்ந்து பூச்சிகளையும் பூக்களையும் கவனித்தார்கள்.

அந்தக் குழுவில் பால் ரிச்சர்ட்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் மாணாக்கர் ஒருவரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுதான். பரணில் உட்கார்ந்து பார்ப்பது அவருக்குப் போதவில்லை. ஒரு கட்டடத்தை நடுவில் நெட்டுக்கு வெட்டிப் படம் போட்டால் எந்த மாடியில் என்ன அறை இருக்கிறது என்று தெரிகிறதல்லவா? அதுபோலக் காட்டை நெட்டுக்கு வெட்டிப் படம் போட முடியாதா என்று அவர் யோசித்தார். அந்த நாட்டு வன இலாகாவைச் சேர்ந்த டேவிஸ் என்பவர் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

எஸ்ஸெக்விபோ நதியில் கலக்கும் மொராபாலி என்ற ஓடையின் பக்கத்தில் வேலை நடந்தது. 25 அடி அகலத்தில், சுமார் 135 அடி நீளத்தில், காட்டில் ஒரு பட்டையைக் கயிறு கட்டிக் குறித்தார்கள். முதலில் அதில் இருந்த புதரையும் சிறு மரங்களையும் அப்புறப்படுத்தினார்கள். மிச்ச மரங்கள் நிற்கும் இடத்தைத் தாளில் குறித்து, அடிமரத்தின் சுற்றளவை எழுதிக்கொண்டார்கள். உயரம் எவ்வளவு, முதல் பெரிய கிளை எங்கே பிரிகிறது, தழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமே! கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் நாடாவை ஓட்டி அளந்தார்கள்.

அந்த அளவுகளைக் கொண்டு வரைந்த படம், 1933-இல் வெளிவரத் தொடங்கிய அவர்களுடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் அச்சாயிற்று. பக்கவாட்டில் நின்று காட்டைப் பார்ப்பதுபோன்ற படம். கோட்டுச் சித்திரந்தான், ஆனால், அதற்கு முன் எவரும் காட்டை அப்படிப் பார்த்ததில்லை. தாவர நூல் படித்த பல தலைமுறை மாணவர்கள் மழைக் காடு என்றால் அந்த மாதிரிப் படத்தையே மனத்தில் வைத்துக்கொண்டார்கள். ரிச்சர்ட்ஸ் மேலடுக்கு, நடு அடுக்கு, கீழடுக்கு என்று மூன்று மர அடுக்குகளைப் பிரித்துப் பெயரிட்டார். புதரும் தரைச் செடிகளும் அவற்றுக்குக் கீழே இரண்டு அடுக்குகள்.

அந்தப் படத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் தோன்றும். அதில் வரைந்திருக்கும் மரங்கள் படம் அச்சாகும்போது உயிரோடு இல்லை. தன் உருவத்தைக் காட்டியதற்காக உயிரை விட்ட மரங்கள் அவை. ரிச்சர்ட்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி இருந்தால் அவர் அதைத்தான் செய்திருப்பார். 1952-இல் வெளியான தம் புகழ் பெற்ற நூலில், இந்த மழைக் காடுகள் விரைவில் அழிந்துபோகக்கூடும் என்று உலகத்தை எச்சரித்தவரும் அவரே. காட்டை வெட்டி அளந்தவர்தான் காட்டை வெட்டாதீர்கள் என்று சொன்னவரும். எவ்வளவு பெரிய காரியம் வெட்டப்படுகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் படத்தைப் பற்றி ஒரு வழக்கும் எழுந்தது. காட்டில் இந்த அடுக்குகள் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது பார்க்கிறவர் மனத்தில் இருக்கின்றனவா என்று சிலர் கேட்டார்கள். மனிதன் மாடி கட்டி வாழ்கிறவன். எதைப் பார்த்தாலும் அதில் மாடியைத் தேடுவான். 25 அடி அகலப் பட்டையில் நாலைந்து பெரிய மரங்கள் அகப்பட்டால் ஒரு மேலடுக்குத் தோன்றும். பத்தடி தள்ளிப் பட்டையைக் குறித்திருந்தால் ஒரு பெரிய மரமும் அகப்படாமல் போயிருக்கலாம். எல்லாக் காட்டிலும் அடுக்குகள் தெளிவாகத் தெரிவதில்லை என்பதை ரிச்சர்ட்ஸே மறைக்கவில்லை. வழக்கைத் தீர்க்க ஒரு பட்டை போதாது. ஆயிரம் பட்டை வேண்டும். ஆயிரம் பட்டையை வெட்டினால் வழக்கு தீரும். காடும் தீர்ந்துவிடும்.

விமானத்திலிருந்து போட்டோப் பிடித்துப் பார்த்தார்கள். அது மேல் துணியின் சுருக்கங்களைக் காட்டியதே தவிர, துணிக்குக் கீழே என்ன என்று காட்டவில்லை. காட்டுக்குள் கோபுரம் கட்டினார்கள். 1990-இல் பனாமாவில், மாடிக் கட்டடம் கட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பெரிய பாரந்தூக்கியைக் காட்டில் நிறுத்தி, அதில் ஒரு கூண்டைத் தொங்கவிட்டு, ஆராய்ச்சிக்காரர்களை மரத் தலைகளுக்கு நடுவே இறக்கினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பாரந்தூக்கியின் கை எட்டுகிற தூரம் எவ்வளவோ அவ்வளவுதான் காடு.

இதற்கிடையில் காட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் இடத்தில் வேறொரு காரியம் நடந்திருந்தது. 1960 மே 16-ஆம் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கடற்கரை ஊரான மாலிபுவில், தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி, செயற்கைக் கெம்புக் கல்லால் ஆன ஒரு சிறு தண்டைச் சுருள் விளக்கின் நடுவே பொருத்தி, அதிலிருந்து ஒரு புது மாதிரியான ஒளியை வரவழைத்தார். அதுதான் முதல் லேசர். அந்த நாளில் அதை வைத்து என்ன செய்வது என்று பலருக்கும் புரியவில்லை.

இந்த ஒளிக்கு இரண்டு குணங்கள் உண்டு. நம் வீட்டு விளக்கின் வெளிச்சம்போல நாலா பக்கமும் சிதறாமல் ஊசிபோல நேரே போகும். அதை மிகமிகச் சிறு துடிப்புகளாக வெட்டி அனுப்பவும் முடியும். இந்த இரண்டு குணங்களும் இருந்தால் தூரத்தை அளந்துவிடலாம். கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வருவதற்கு ஆகும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை ஊகிக்கிறோமல்லவா? அதே கணக்குத்தான். கல்லுக்குப் பதில் ஒளி. ஒளி வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஓர் அடி தூரம் போக அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியை நூறு கோடி பங்கு செய்தால் அதில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட நேரத்தையும் அளக்கும் கடிகாரங்கள் வந்துவிட்டன. ஆகவே போன ஒளி திரும்பி வர எத்தனை நேரமாயிற்று என்று பார்த்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். 1971-இல் அப்பல்லோ 15 விண்கலம் சந்திரனைச் சுற்றிவந்தபோது இப்படித்தான் சந்திரனின் மேட்டையும் பள்ளத்தையும் அளந்தது.

சந்திரனில் மரம் இல்லை, அளவு சுலபம். பூமியில் விமானத்திலிருந்து லேசரைக் கீழே செலுத்தியவர்களுக்கு மரம் ஒரு தொந்தரவாக இருந்தது. தரையின் உயரத்தை அளக்கப் போனால் நடுவில் இலை வந்து ஒளியைத் திருப்பிவிடுகிறது! ஒருவனுக்குத் தொந்தரவாக இருப்பது இன்னொருவனுக்குப் புதையல். 1970-களில் சோவியத் நாட்டு வன ஆராய்ச்சிக்காரர்கள், இலையிலிருந்து திரும்பும் ஒளியைக் கொண்டு மரத்தின் உயரத்தையே அளக்கலாமே என்று முயன்று பார்த்தார்கள். 1984-இல் நெல்சன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் பென்சில்வேனியாக் காடுகளின்மேல் பறந்து செய்த சோதனையை வெளியிட்டார்கள். கம்பளிப் புழுக்கள் இலையைத் தின்று தீர்த்த காடு அது. சில இடம் மொட்டை. சில இடம் அடர்த்தி. தழை எவ்வளவு நெருக்கமோ அதற்கேற்றபடி லேசர் உள்ளே புகும் ஆழம் மாறுகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

எப்படிப் புகுகிறது என்று கேட்பீர்கள். மத்தியான வேளையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பாருங்கள். தரையெல்லாம் காசு காசாக வெயில் விழுந்திருக்கும். எத்தனை அடர்ந்த மரமானாலும் அதில் ஊசி நுழையும் இடைவெளி உண்டு. லேசர்த் துடிப்பு உச்சிக் கிளைக்கு வந்து சேரும்போது ஒரு தட்டளவு அகன்றிருக்கும். அதில் ஒரு பங்கு உச்சி இலையில் பட்டுத் திரும்பிவிடும். தப்பிய பங்கு கீழே போய் நடு அடுக்கில் ஓர் இலையில் படும். அதிலும் தப்பியது புதரில் படும். கடைசிப் பங்கு தரையைத் தொட்டுத் திரும்பும். அனுப்பியது ஒன்று; திரும்பி வருவது மூன்று நான்கு. முதலில் வந்தது மரத்தின் தலை. கடைசியில் வந்தது பெரும்பாலும் தரை. நடுவில் வந்தவை நடு அடுக்குகள். இதற்கென்று, கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியைத் தேர்ந்தெடுத்தார்கள். பச்சை இலை அந்த ஒளியை உணவாகக் கொள்வதில்லை. கணிசமான பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால், அந்தக் காலத்துக் கருவிகள் விமானத்துக்கு நேர் கீழே ஒரே கோட்டில்தான் அளந்தன. பூச்சரத்தில் ஒரு நூல் மட்டும் கிடைத்ததுபோல. ஒளியை இருபுறமும் வீசியடித்துக் காட்டையே கோலம் போடுவதுபோல அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு துடிப்பும் புறப்படும்போது விமானம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். விமானம் இம்மி சாய்ந்தாலும் ஒளி ஒரு மரம் தள்ளிப் போய் விழும். இடத்தைச் சொல்லும் செயற்கைக் கோள்களை அமெரிக்க ராணுவம் ஒவ்வொன்றாக வானில் ஏற்றி, 1995-இல் அந்த ஏற்பாடு பூர்த்தியாயிற்று என்று அறிவித்தது. சாய்வைச் சொல்லும் கருவிகளும் சிறுத்து விமானத்துக்குள் அடங்கின. நம் ரிச்சர்ட்ஸ் காலமானதும் அந்த 1995-இல்தான். அவருடைய ஆயிரம் பட்டைகளை வெட்டாமலே அளக்கும் காலம் வாசலில் வந்து நின்றபோது அவர் போய்விட்டார்.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். மத்திய அமெரிக்காவில் பெலிஸ் என்று ஒரு சின்ன தேசம். அங்கே அடர்ந்த காட்டுக்குள் காரகோல் என்ற பழைய மாயா நகரம் புதைந்து கிடக்கிறது. காரகோல் என்றால் ஸ்பானிய மொழியில் நத்தை. 1937-இல், மகாகனி மரம் தேடிக் காட்டுக்குள் வந்த ரோசா மாய் என்ற மரவெட்டியின் கண்ணில் அது பட்டது. ஆர்லன் சேஸ், டயான் சேஸ் என்ற தம்பதியர் 1980-களின் நடுவிலிருந்து அங்கே ஆராய்ச்சி செய்து வந்தார்கள். கத்தியால் கொடியையும் முள்ளையும் வெட்டி வழி செய்துகொண்டு, கால்நடையாகவே போய் அளந்தார்கள். இருபத்தைந்து வருஷ உழைப்பில் அவர்கள் படம் போட்டு முடித்தது 23 சதுரக் கிலோமீட்டர்.

அவர்கள் வேலை பார்த்த அதே மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ஜான் வைஷாம்பெல் என்ற உயிரியல் அறிஞர் இருந்தார். அவருக்குப் பாழ் நகரத்தில் அக்கறை இல்லை. காட்டின் அடுக்குகளில்தான் அக்கறை. லேசர் விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரியும். உங்கள் காட்டின்மேல் அதைப் பறக்கவிட்டால் என்ன என்று யோசனை பிறந்தது. 2009 ஏப்ரல் கடைசியில் விமானம் பறந்தது. நான்கைந்து நாளில் 200 சதுரக் கிலோமீட்டர் அளந்தாயிற்று.

ஒரே விமானம், ஒரே ஒளி. ஆனால் திரும்பி வந்த புள்ளிகளை இருவரும் பங்கு போட்டுக்கொண்ட விதம் வேடிக்கையானது. இலையில் பட்டுத் திரும்பியவற்றை உயிரியல்காரர் எடுத்துக்கொண்டார். தரையில் பட்டுத் திரும்பியவற்றைத் தொல்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பலாப்பழத்தில் ஒருவர் சுளையையும் ஒருவர் கொட்டையையும் எடுத்துக்கொண்டதுபோல! தரைப் புள்ளிகளை மட்டும் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு மரமும் வெட்டாமல் காடு முழுவதும் மறைந்துபோயிற்று. அதன் அடியில் வீடுகளும், சாலைகளும், குன்றுக்குக் குன்று படிப்படியாகக் கட்டிய வயல் வரப்புகளும் வெளிப்பட்டன. ஒரு காலத்தில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தார்கள் என்று சேஸ் தம்பதியர் மதிப்பிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கு எங்கிருந்து சோறு வந்தது என்று கேட்டவர்களுக்கு அந்த வரப்புகள் பதில் சொல்லின.

செய்தித்தாள்கள் நகரத்தைப் பற்றி எழுதின. அது இயற்கைதான். ஆனால் இலைப் பங்கை எடுத்துக்கொண்டு போனவர்கள் என்ன கண்டார்கள் என்று அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், இந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துவிடுவோம். போர்னியோத் தீவில் மலேசியாவைச் சேர்ந்த சபா மாகாணத்தில் தானும் பள்ளத்தாக்கு என்று ஒரு காடு இருக்கிறது. அதன்மேல் பறந்து எடுத்த லேசர்க் கணக்குகளை 2018-இல் ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் ஓரிடத்தில் திகைத்து நின்றார்கள். ஒரு மரம் மற்ற மரங்களையெல்லாம் விட்டு எங்கேயோ மேலே நிற்கிறது! தரையில் தேடிப் போய் மரத்தைக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் மெரந்தி என்ற ஜாதி. நம் நாட்டுச் சால மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அவ்வளவு உயரமா என்று சந்தேகம். விமானம் சொல்வதை எப்படிப் பத்திரத்தில் எழுதுவது?

2019 ஜனவரியில் உண்டிங் ஜாமி என்ற உள்ளூர்க்காரர், அளவு நாடாவோடு அந்த மரத்தில் ஏறினார். உச்சிக்குப் போய் நாடாவைத் தொங்கவிட்டார். 100.8 மீட்டர், ஏறக்குறைய 330 அடி. வெப்ப மண்டலத்தில் மனிதன் அளந்தறிந்த மரங்களில் அதுவே மிக உயர்ந்தது. மலாய் மொழியில் 'மெனாரா' என்று பெயரிட்டார்கள். கோபுரம் என்று அர்த்தம். நாம் மினார் என்கிறோமே, அதே சொல்தான். நின்ற மரத்தை நின்றபடியே லேசரால் சுற்றிச் சுற்றி அளந்து அதன் எடையையும் கணக்கிட்டார்கள். வேர் நீங்கலாக 81,500 கிலோகிராம். அவ்வளவு எடையில் தலையில் இருப்பது நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவு. ரிச்சர்ட்ஸ் காலமாக இருந்தால் இந்த எடையைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அதை வெட்டித் துண்டு போடுவது.

எத்தனை கருவி வந்தாலும் கடைசியில் ஒரு மனிதன் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. கருவிக்கும் அதில் அவமானம் இல்லை. ஆயிரக் கணக்கான ஏக்கரில் எந்த மரத்தில் ஏற வேண்டும் என்று காட்டியது அதுதானே!

கருவிக்குக் குறைகளும் உண்டு. மரத்தின் உயரத்தைச் சொல்லுமே தவிர, அது மட்டும் தனியாக அது என்ன மரம் என்று சொல்லாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று. ஒளியில் பெரும்பங்கை மேலடுக்கே வாங்கிக்கொள்கிறது. கீழே போகப் போக விழும் துடிப்புகள் குறைகின்றன. ஆகவே உச்சியைப் பற்றிய தகவல் தாராளமாகவும், அடித்தளத்தைப் பற்றிய தகவல் அருமையாகவும் வந்து சேர்கிறது. மனித சமூகத்தைக் கணக்கெடுக்கிறவர்களுக்கும் இந்தக் குறை உண்டு என்பதால் இதைப் பெரிதுபடுத்தாமல் விடுகிறேன். காட்டைப் பொறுத்தவரை, குறையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கணக்கைத் திருத்துகிறார்கள்.

சரி, பழைய வழக்கு என்ன ஆயிற்று? காட்டில் அடுக்கு உண்டா இல்லையா? லேசர் சொல்லும் பதில் இரு தரப்பாருக்கும் முழு வெற்றி தரவில்லை. சில காட்டில் அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. பல காட்டில் தரையிலிருந்து உச்சி வரையில் எங்கெங்கே வெளிச்சம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் தழை பரவியிருக்கிறது. மாடி மாடியாகப் பிரிக்க முடியவில்லை. ஒரு பெரிய மரம் விழுந்த இடத்தில் ஒரு விதம். அது விழுந்து ஐம்பது வருஷமான இடத்தில் இன்னொரு விதம். ரிச்சர்ட்ஸ் வரைந்தது பொய்யல்ல. அவர் வெட்டிய பட்டையில் இருந்ததை வரைந்தார். ஒரு வீட்டைப் பார்த்து ஊரைச் சொல்வதில் உள்ள ஆபத்து அதிலும் இருந்தது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். பெரிய மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டிவிட்டுப் போன காடு, சில வருஷத்தில் மேலிருந்து பார்த்தால் மறுபடி பச்சைப் பசேலென்று இருக்கும். போட்டோவைப் பார்த்தால் காடு பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பல தேசங்களில் அப்படிச் சொல்லியும் இருக்கிறார்கள். லேசரிடம் அந்தப் பேச்சு செல்லாது. மேலடுக்கு இருந்த உயரத்தில் இப்போது வெறும் காற்றுத்தான் இருக்கிறது என்று அது சொல்லிவிடும். பசுமை என்பது வேறு, காடு என்பது வேறு. இந்த வேற்றுமையைக் கண்டுகொள்ள 2018 டிசம்பரில் ஒரு லேசர்க் கருவியைப் பூமிக்கு வெளியே சுற்றும் விண்வெளி நிலையத்துக்கே அனுப்பினார்கள். 2023-இல் சில காலம் அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, 2024-இல் மறுபடி வேலைக்கு விட்டார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் 25 மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத்தில் உச்சி முதல் தரை வரை தழை எப்படி அடுக்கியிருக்கிறது என்று அது எழுதிக்கொள்கிறது. ரிச்சர்ட்ஸ் தம் பட்டையிலிருந்த மரங்களைச் சாய்த்து எழுதிக்கொண்டதைப் போன்ற கணக்குத்தான்.

இனி, காரகோல் காட்டில் இலைப் பங்கை எடுத்துக்கொண்டவர்களின் கதை. அந்த நகரத்தை மக்கள் கைவிட்டது ஏறக்குறைய கி.பி. 900-இல். உழவர் போனார்கள், வரப்புகளின்மேல் காடு ஏறியது. ஆயிரம் வருஷத்துக் காடு என்றால் அதற்குக் கீழே வயல் இருந்த சுவடே மேலே தெரியக்கூடாது அல்லவா? வைஷாம்பெலும் அவருடன் வேலை செய்தவர்களும், வரப்புக் கட்டிய நிலத்தின்மேல் நிற்கும் காட்டையும் வரப்பில்லாத நிலத்தின்மேல் நிற்கும் காட்டையும் லேசர்க் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். இரண்டு காடுகளின் விதானமும் ஒன்றாக இல்லை. தழை அடுக்கியிருக்கும் விதத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன் பெயர் தெரியாத ஓர் உழவன் கல்லை அடுக்கி மண்ணைத் தடுத்து நிறுத்தினான். அந்த வேலை இன்றைக்கு அங்கே நிற்கும் மரத்தின் தலையில் தெரிகிறது.

சரித்திர நாவல் எழுதுகிறவன் நான். கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடி அலைந்திருக்கிறேன். அவற்றில் அரசர் பெயர் இருக்கும், தானம் கொடுத்த தளபதியின் பெயர் இருக்கும். வரப்பு வெட்டினவன் பெயர் எங்கோ அருமையாகத்தான் இருக்கும். காட்டின் விதானத்திலும் அவன் பெயர் இல்லை. ஆனால் அவன் செய்த வேலை இருக்கிறது. மொராபாலி ஓடைப் பக்கம் வெட்டியதுபோல இந்தக் காட்டையும் வெட்டிச் சாய்த்து அளந்திருந்தால், அந்த வேலையின் சுவடும் மரங்களோடு போயிருக்கும். அது அங்கே இருந்தது என்று கூட நமக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊர்த் தோப்பில் இப்போதும் குத்தகைக்காரர்கள் வருகிறார்கள். அண்ணாந்து பார்த்து ஆயிரம் என்கிறார்கள். தோப்புக்காரரின் பேரன் இரண்டாயிரம் என்கிறான். காயை எண்ண அங்கே எந்த விமானமும் வரப்போவதில்லை, வரவும் வேண்டாம். ஆனால் அந்த வழியாகப் போகும்போது நானும் கையைப் புருவத்துக்கு மேல் வைத்து ஒரு தரம் அண்ணாந்து பார்க்கிறேன். இலைகளுக்கு நடுவே இத்தனை இடைவெளி இருந்ததை முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை.